கை மட்டும் தெரிகிறது

இரும்புக்கை மாயாவியை அறியாத தமிழ் வீடு உண்டோ? உண்டு என்று இன்றைய முதலாண்டு மாணவர் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் வீட்டிற்குப் போய்த் தந்தையாரைக் கேட்டுப் பார்க்கட்டும். தந்தையாரின் முகத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்ப்பதைக் காண்பார்கள்.

அறியாதவர்க்குச் சுருங்கச் சொல்வேன். லூயிஸ் கிராண்டேல் என்பது அவன் பெயர், ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தொன்றில் வலக்கை போயிற்று. இரும்பாலான கை பொருத்தப்பட்டது. மின்சாரம் உடலிற் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்து விடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்திலே மிதந்து வரும், கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், கள்வன் கழுத்தைப் பிடிக்கும். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலே முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் வெளியீடே இவன் கதைதான். பாலாறு கடந்து, பம்பாய் மெயிலில் ஏறித் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்தவன் அவன். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு குடும்பத்தின் தகரப் பெட்டியிலும், முறுக்குக்கும் மிளகாய்ப் பொடிக்கும் நடுவே, எண்ணெய்க் கறையோடு அவன் ஒருவன் இருப்பான்.

நண்பர்களே, என் கேள்வி அவனைப் பற்றியதன்று. அவனை வரைந்தவன் யார்? அந்தக் கையை நம் கண்முன்னே மிதக்கவிட்ட கை யாருடையது?

மாயாவியின் பெயரைக் கேட்டால் ஆயிரம் பேர் சொல்வார்கள். வரைந்தவர் பெயரைக் கேட்டால் ஆயிரத்தில் ஒருவர் சொன்னால் வியப்பு. ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது அவர் பெயர். 1919இல் ஸ்பெயின் நாட்டிலே பார்சிலோனாவில் பிறந்தவர், 1995இல் மறைந்தவர். இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபரில் பிறந்தது. அதற்காகப் பார்சிலோனாவிலிருந்து வரைந்து அனுப்பினார். வீட்டில் உடன்பிறந்தாரும் ஓவியர்களே. அவர்களும் கை கொடுத்தனர். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் கொண்டு அவர் உண்டாக்கிய இருட்டு இருக்கிறதே, அதைப் பார்த்தவர் மறவார். ஆனால் அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கிய இங்கிலாந்துச் சிறுவனுக்கே அவர் பெயர் சொல்லப்படவில்லை. அங்கே சொல்லாத பெயர் சிவகாசிக்கு எவ்வாறு வரும்? சிவகாசிக்கு வராத பெயர் தாராவிக்கு எவ்வாறு வரும்?

ஆள் மறைந்தான், கை மட்டும் தெரிந்தது. கதையிலே நடந்ததை அப்படியே ஓவியருக்கும் நடத்திக் காட்டினார்கள்!

ஏன் மறைத்தார்கள்? காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பெயரைப் போட்டால் போட்டிப் பத்திரிகைக்காரன் அவரைத் தேடிப் போவான். பெயர் பெற்றவர் கூலி கூட்டிக் கேட்பார். படிக்கும் பிள்ளை ஓவியரைத் தேட ஆரம்பித்தால் முதலாளிக்கு ஓவியரிடம் பயம் வந்துவிடும். ஆதலால் படத்தின் மூலையில் கையெழுத்து இருந்தால் அதன்மேல் வெள்ளை பூசிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. 1977இல்தான், '2000 ஏ.டி.' என்ற இதழில் வேலை பார்த்த கெவின் ஓநீல் என்ற இளைஞர் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைச் சிறு கட்டம் கட்டிக் கதைப் பக்கத்திலேயே போட்டுவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. இதழும் நிற்கவில்லை, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். வெளிநாட்டான் செய்த அநியாயத்தைப் பேசுவது எளிது.

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னே, சென்னையில் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தோன்றியது ஒரு சிறுவர் இதழ். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கினார்கள். பின்னர் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வந்தது. அதிலே பக்கத்துக்குப் பக்கம் மன்னரும் மந்திரவாதியும், பூதமும் பறக்கும் குதிரையும், பாழடைந்த கோட்டையும் பாதாளச் சுனையும். அவற்றை வரைந்த இருவர் பெயரையாவது நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒருவர் சித்ரா. பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ணிக்கொண்டவர் உண்டு. டி.வி. ராகவன் என்பது இயற்பெயர், 1978இல் மறைந்தார். பள்ளியில் ஓவியம் பயின்றவரல்லர்; தாமே கற்றவர். மற்றவர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். தாராபுரத்திற்கு அருகே காரத்தொழுவில் 1924இல் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். 'கலைமகள்' இதழில் சில ஆண்டு பணியாற்றி, 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். தோளிலே பிணத்தைச் சுமந்து, கையிலே வாளை உருவிப் பிடித்து, சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தன் நம் நினைவில் நிற்கிறானே, அவன் சங்கரின் விக்கிரமாதித்தன். இந்த நாட்டின் பெரும்பகுதிக்கு விக்கிரமாதித்தன் முகம் எது என்று கேட்டால், கொங்கு நாட்டு ஓவியர் ஒருவர் போட்ட முகந்தான்!

இந்த இருவரும் மூலையிலே கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு இடம் கொடுத்த நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எழுதியவர் கதி என்ன? அம்புலிமாமாவின் மாயாஜாலத் தொடர்கதைகளில் பெரும்பாலானவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். மாதாமாதம் பிள்ளைகளை மூச்சடக்கிக் காத்திருக்கச் செய்த எழுத்து அது. இதழில் அவர் பெயர் இராது. அங்கே அது வழக்கமில்லை, அவ்வளவுதான். அவர் 2010இல் மறைந்தார். அவரைப் படித்து வளர்ந்த எத்தனையோ பேர், தாம் படித்தது ஒருவர் எழுதிய எழுத்து என்பதையே அறியாமல் வளர்ந்தார்கள். கதை தானாக முளைத்தது என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

சங்கருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரோ 2020 செப்டம்பரிலேயே, தொண்ணூற்றாறாவது வயதில், காலமாகிவிட்டார். அறுபதாண்டுக் காலம் வரைந்த கைக்கு அந்த விருது வந்து சேரவில்லை.

சென்னைக்காரர் கவலை இது, நமக்கென்ன என்று பம்பாய்வாசியான நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். 2007இல் சந்தமாமா நிறுவனத்தை விலைக்கு வாங்கியது எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? நம் ஊர்தான். ஜியோடெசிக் என்ற மும்பைக் கணிப்பொறி மென்பொருள் கம்பெனி. கணிப்பொறியும் கைப்பேசியும் சேர்ந்து அம்புலிமாமாவை மேலே ஏற்றும் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கியது; 2013 வாக்கில் இதழும் நின்றது. அதன்பின் கம்பெனியைக் கலைக்கும் வழக்கு மும்பை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2019இல் அந்த இதழின் உரிமைகளை விற்றுக் கடனைத் தீர்ப்பது பற்றிய பேச்சும் அதே நீதிமன்றத்தில் எழுந்தது. வடபழனியில் வரையப்பட்ட பூதங்களும் தேவதைகளும் சர்ச்கேட் பக்கத்தில், நாற்காலி மேசைகளோடு சேர்த்து, கம்பெனிச் சொத்துக் கணக்கில் வந்து நின்றன! ஃபோர்ட் வழியாகத் தினம் போய் வருகிற நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

சொத்துக் கணக்கில் மதிப்புப் போடும்போது வரைந்தவர் பெயர் எங்கே வரும்? வராது. 'அறிவுச் சொத்து' என்பார்கள். யார் அறிவு? அதைச் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் படிக்கும் மாணவர் நம்மிடையே உண்டு. அவர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. வேலைக்காரன் செய்த படைப்பு முதலாளிக்கு என்பது பொது விதி. ஆனால் பத்திரிகைக்கு ஒரு தனி விதி உண்டு. பத்திரிகை நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் அப்பத்திரிகையில் வெளியிடுவதற்காகச் செய்த படைப்பில், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கே உரிமை முதலாளிக்கு. ஏனைய வகைகளில் உரிமை படைத்தவருக்கே. வேறு ஒப்பந்தம் எழுதப்படாத வரையில் இதுதான் சட்டம். அப்படியானால் புத்தகமாகத் தொகுப்பது, பொம்மை செய்வது, திரைப்படம் எடுப்பது, சட்டையிலே அச்சிடுவது ஆகியவையெல்லாம் யாருடைய உரிமை? ஒப்பந்தத் தாளைத் தேடிப் பார்க்காமல் எவரும் மார்தட்ட முடியாது. அந்த உரிமையின் ஆயுளும் சிறிதன்று. படைத்தவர் வாழ்நாள், அதற்கு மேல் அறுபது ஆண்டு. சித்ராவின் படங்களுக்கு 2038 முடிய. சங்கரின் படங்களுக்கு 2080 முடிய.

இன்னொரு பிரிவு 57. (1957இல் வந்த சட்டத்தில் 57ஆம் பிரிவு, மறக்க முடியாத எண்.) உரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் படைத்தவரை விட்டுப் போவதில்லை என்கிறது அது. இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டா. தில்லி விஞ்ஞான பவனத்துச் சுவரில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த வெண்கலச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது அரசு. சிற்பி வழக்காடினார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம், சிற்பத்தைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் ரூபாயும் கொடு என்று அரசுக்கே உத்தரவிட்டது. விற்ற பொருளிலும் செய்தவனுக்கு ஓர் ஒட்டு உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் சித்திரக்கதை ஓவியர் எத்தனை பேர் இதைக் கொண்டு கோர்ட்டுப் படி ஏறினார்கள்? ஏறுவதற்கு வக்கீல் கட்டணம் வேண்டுமே!

மும்பையை முழுக்கக் குறை சொல்வது நியாயமன்று. 1967இல் இவ்வூரில் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதையில் எழுதியவர் பெயரும் ஓவியர் பெயரும் அச்சேறின. ராம் வாயீர்கர் என்றும் பிரதாப் முலிக் என்றும் பெயர் சொல்லி ஓவியரைத் தேடும் வாசகர் உண்டானார்கள். பெயர் போட்டதால் அந்த வெளியீடு கெட்டுப்போகவில்லை. 1964 முதல் 1990 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் வந்தது. அதன் கதை வேறு. அதைத் தனியே எழுதலாம்.

இனி, எதிர்வாதம் ஒன்றைக் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே சொன்னார்: "தம்பி, பெயர் வேண்டாமல் படைப்பதுதான் நம் மரபு. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் பெயர் இருக்கிறதா?" இல்லைதான். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்த அச்சோழர் ஓவியங்களில் வரைந்தவர் பெயர் இல்லை. ஆனால் அதே கோயிற் சுவரைச் சற்றுச் சுற்றி வந்து பாருங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. நானூறு ஆடற்பெண்டிரின் வீட்டு வரிசையைக் கல்லில் வெட்டியவனுக்குப் பெயர் வேண்டா என்ற கொள்கை இருந்ததாகச் சொல்வது எங்ஙனம்?

அதற்கும் முந்திய சான்று ஒன்று உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் கையில் சில பாட்டுகள் கிடைத்தன. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? பெயரில்லை என்று விட்டுவிட்டார்களா? பாட்டுக்குள்ளே புலவர் ஆண்ட அழகிய சொற்றொடரையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். அணிலாடு முன்றிலார் என்றார்கள். பெயர் தொலைந்தவனுக்கும் பெயரின்றி விடக்கூடாது என்று தவித்த மரபு ஐயா நம் மரபு! அச்சு இயந்திரம் வந்தபின், பெயர் தெரிந்தும் போடாமல் விட்டதை அந்த மரபின் தலையில் கட்டாதீர்கள்.

சித்திரக்காரன் மறைந்துபோவது என்று பேசத் தொடங்கிவிட்டு, மெய்யாகவே மறைந்துபோனவர்களைச் சொல்லாமல் விடுவது தகாது. பெயரை மறைப்பதும் ஆளை மறைப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவன் நான் அல்லன். ஆயினும் சொல்ல வேண்டும்.

அர்ஜெண்டினாவில் ஹெக்டர் ஓஸ்டர்ஹெல்ட் என்ற கதாசிரியர். 1957இல் 'எல் எட்டர்நௌத்தா' என்ற சித்திரக்கதையை எழுதினார்; சொலானோ லோபஸ் வரைந்தார். பியூனஸ் அயர்ஸ் நகரத்தின்மேல் பனி பொழிகிறது, பட்டவர் சாகிறார், வேற்றுலகத்தார் படையெடுக்கிறார்கள், சாதாரண மனிதர் கூடி எதிர்க்கிறார்கள். நாடே கொண்டாடிய கதை. 1976இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1977இல் ஓஸ்டர்ஹெல்ட் பிடித்துச் செல்லப்பட்டார்; திரும்பவில்லை. அவருடைய நான்கு பெண்களும் அவ்வாறே போனார்கள். நால்வரும்! மனைவி எல்சா மட்டும் எஞ்சினார், பேரன் ஒருவனை வளர்த்தார். 2025இல் அந்தக் கதை தொடர்படமாக வந்து உலகெங்கும் ஓடியபோது, பியூனஸ் அயர்ஸ் மக்கள் நினைவுகூர்ந்தது கதைத் தலைவனை மட்டுமன்று.

அருகிலே, கடல் கடந்தால் கொழும்பு. பிரகீத் எக்னலிகொட என்ற சிங்களக் கேலிச்சித்திரக்காரர், அரசியல் எழுத்தாளருங்கூட. 2010 ஜனவரி 24ஆம் நாள், அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாக, வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை. மனைவி சந்தியா போலீஸ் நிலையம், நீதிமன்றம், நாடாளுமன்ற வாயில் என்று இரண்டு பிள்ளைகளோடு அலைந்தார். 2019இல் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போயிற்று. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சித் தெருவோரத்தில் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்த தமிழ்த் தாய்மார் கேட்டதும் சந்தியா கேட்டதும் ஒரே கேள்வி. எங்கே? ஒரு சொல். அதற்கு ஒரு சொல்லில் விடை சொல்ல எந்த ஆட்சிக்கும் வாய் வரவில்லை.

எக்னலிகொடவைத் தேட முடிந்தது, அவருக்குப் பெயர் இருந்ததால். படத்தின் கீழே பெயர் இருந்தது. பெயரைச் சொல்லிக் கேட்க ஒரு சந்தியா இருந்தார். பெயரில்லாதவனைக் காணோம் என்று எவர் சொல்ல முடியும்?

இப்போது புதிய மாயாவி ஒருவன் வந்திருக்கிறான். கேட்டதை வரைந்து தரும் இயந்திரம். 2025 மார்ச்சில் உலகமே தன் முகத்தை ஜப்பானிய கிப்லி பாணியில் வரையச் சொல்லி மகிழ்ந்தது நினைவிருக்கும். நம் விடுதியிலும் ஒருவரும் பாக்கியில்லை. அப்போது மியாசாகியின் பெயர் பேசப்பட்டது. இது தகுமா என்று உலகம் வாதாடியது. பெயர் தெரிந்தவருக்கு அந்த வாதமாவது கிடைத்தது. நாளை ஒருவன் 'பழைய தமிழ்ப் பூதக்கதைப் படம்போல' என்று கேட்டால் இயந்திரம் தரத்தான் போகிறது. இது சித்ராவின் கோடு, இது சங்கரின் நிழல் என்று எடுத்துச் சொல்ல யார் இருப்பார்?

நாம் இருக்கலாம். தாராவி இடம் மாறப்போகிறது. 2022இல் ஏலம் முடிந்தது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சீமையார் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிய வீடுகள் அவை. ஒவ்வொரு வீட்டிலும் பரண் இருக்கிறது. பரணிலே பழைய பெட்டி இருக்கிறது. வீடு காலி செய்கிறபோது முதலில் ரத்திக் கடைக்குப் போவது எது என்று உங்களுக்கே தெரியும். எடைக்குப் போடும் பழைய தாள்தான். அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் கிலோ இத்தனை ரூபாய் என்று போய்விடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்து மாடி எழுப்புகிறார்கள். அங்கும் இதே கதை.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம் இது. தீபாவளி விடுமுறைக்கு முன்னே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் பத்துப் பேர், மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஐந்து பேர், செம்பூரில் ஐந்து பேர் போதும். "பாட்டி, பரணில் பழைய படக்கதைப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கொடுத்தால் வாங்குங்கள், கொடுக்க மனமில்லையென்றால் கைப்பேசியில் அட்டையையும் முதற்பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூலையிலே கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: இதழ், மாதம், ஆண்டு, கதை, வரைந்தவர். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த ஆண்டு வருபவர் நிரப்பட்டும். அட்டை கிழிந்தது, பக்கம் போனது என்று எதையும் ஒதுக்க வேண்டா.

அத்தோடு, இந்த மலரின் அட்டைப் படத்தையும் உள்ளே உள்ள கோட்டுச் சித்திரங்களையும் வரைந்த நம் மாணவர்களின் பெயர், செயலாளர் பெயரும் பொருளாளர் பெயரும் இருக்கிற அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். இடம் போதாது என்றார்கள். என் கட்டுரையில் நான்கு வரியை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.